அடைமழையிலும் காயும் கட்டில்: ரங்கூன் வீடொன்றில் ஒரு நிகழ்வு ஆய்வு

ஐம்பது வயதை நெருங்கும் ஒரு தமிழ் ஆசிரியை. ரங்கூனில் பசுண்டாங் பக்கம் மூன்றாம் மாடி வீடு; கணவர், கல்லூரி போகும் மகள். தெருவில் எல்லோருக்கும் அவர் சயாமா (பர்மிய மொழியில் ஆசிரியை), எனக்கு அக்கா. ஒரு தீபாவளிக்கு முன்னால் வீட்டுக்குப் புதிதாகப் படுக்கையறை செட் வாங்கினார்கள். அடியில் துணிமணி வைக்கப் பெட்டியோடு வரும் கட்டில், பத்து அங்குல ஃபோம் மெத்தை, இரண்டு கதவு அலமாரி. அதில் படுக்க ஆரம்பித்துச் சில வாரங்களில் காலையில் கண் எரிச்சலும் தொண்டை வறட்சியும் வந்தன. பிறகு தலைக்கனம். பொங்கல் சமயத்தில் மூச்சு இழுப்பும் சேர்ந்துகொண்டது. அதுவரை ஒன்றும் செய்யாத வாடைகள்கூட, பக்கத்து வீட்டுப் பெயின்ட், பஸ்ஸில் யாரோ அடித்திருந்த சென்ட், பள்ளிக்கூடத்தில் தரை துடைக்கிற மருந்து என்று, ஒவ்வொன்றாகத் தலைவலியைக் கிளப்பின.

அவருக்கு நச்சு கலக்காத கட்டிலும் மெத்தையும் தேடிய விவரத்தை அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்றார். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம்: மரப்பட்டறைதான் எங்கள் குடும்பத் தொழில், கடைசியில் அந்தக் கட்டிலைச் செய்ததும் எங்கள் பட்டறைதான்.

எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். இந்த ஊரில் படுக்கையை மழைக்காலத்துக்காகத் தேர்ந்தெடுக்க வேண்டும். நச்சு இல்லை என்று எத்தனை சீட்டு ஒட்டியிருந்தாலும், ஜூலை மாதத்தில் ஒரு ஆள் தனியாகத் தூக்கிக் காயவைக்க முடியாத மெத்தை சீக்கிரமே பூசணம் பிடிக்கும். இரசாயனம் தாங்காத உடம்புக்குப் பூசணமும் தாங்காது.

மருத்துவர் சொன்னதும் சொல்லாததும்

முதலில் போனது மருத்துவரிடம்தான். எல்லோரும் அப்படித்தான் செய்ய வேண்டும். மூச்சு இழுப்பு இருக்கும்போது கட்டிலை மாற்றிப் பார்க்கலாம் என்று காத்திருப்பது ஆபத்து. ஊதிப் பார்க்கும் சோதனை செய்துவிட்டு ஆஸ்துமா என்றார், இன்ஹேலர் கொடுத்தார். “படுக்கையறையில் என்ன புதிதாக வந்தது?” என்று கேட்டவரும் அவரே. அந்தக் கேள்விக்காக அவருக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

பலவித இரசாயன வாடைகளைக் கொஞ்சம்கூடத் தாங்க முடியாமல் போகும் இந்த நிலையை ‘மல்ட்டிபிள் கெமிக்கல் சென்சிட்டிவிட்டி’ என்ற பெயரில் அமெரிக்க மருத்துவர் மார்க் கல்லன் 1987இல் வரையறுத்து எழுதினார். 1996இல் பெர்லினில் உலக சுகாதார நிறுவனம் சேர்ந்து நடத்திய கூட்டத்தில், காரணம் நிரூபிக்கப்படாததால் வேறு பெயர் வைக்கலாம் என்று முடிவெடுத்தார்கள். வாசனையை மறைத்து நடத்திய சோதனைகளில், எது இரசாயனம் எது வெறும் காற்று என்று பலரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இதையெல்லாம் அக்காவிடம் மறைக்கவில்லை. “அப்போ எனக்கு மனசுலதான் வியாதியா தம்பி?” என்று கேட்டார். இல்லை. படுகிற கஷ்டம் நிஜம். உடம்புக்குள் அது எந்த வழியில் நடக்கிறது என்பதில்தான் மருத்துவ உலகம் ஒத்துப்போகவில்லை.

சென்ட் வாடைக்குத் தலைவலி ஏன் வருகிறது என்பது தீராத கேள்வி. ஆனால் பலகைப் பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு என்ற வாயு கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. வீட்டுக்குள் ஒரு கன மீட்டர் காற்றில் அது 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அரை மணி நேரச் சராசரிக்கான அளவு அது. மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004இல் அதை முதல் வகையில் சேர்த்தது. ஆக, அக்காவின் தொந்தரவில் ஒரு பாதிக்கு விளக்கம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

அந்த அறை

ரங்கூன் நகர மையத்து அடுக்குவீடுகளைத் தெரிந்தவர்களுக்கு அறையை விவரிக்கத் தேவையில்லை. அகலம் பன்னிரண்டரை அடி, நீளம் ஐம்பது அடி. ஜன்னல் முன்னாலும் பின்னாலும் மட்டும். நடுவில் பிளைவுட் தட்டி வைத்துப் படுக்கையறை. அதற்கு ஜன்னலே கிடையாது. மின்சாரம் அடிக்கடி போவதால் அறை மூலையில் இன்வெர்ட்டரும் பேட்டரியும். கட்டிலுக்கு மேலே கொசுவலை, கதவோரம் கொசுவர்த்திச் சுருள். கட்டில் பெட்டிக்குள் பட்டுப்புடவைகள், அவற்றுக்குள் அந்துருண்டை.

இவ்வளவும் இருக்கிற இடத்தில் கட்டில்மேல் மட்டும் பழி போட முடியுமா? முடியாது. அதனால் எதையும் வாங்குவதற்கு முன் ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தோம். அக்கா ஆசிரியை என்பதால் இது சுலபமாக நடந்தது. ஒரு கோடு போட்ட நோட்டில் தேதி, கண், தொண்டை, தலை, மூச்சு என்று பத்தி பிரித்து, காலையில் எழுந்ததும் மதிப்பெண் போட்டுவிடுவார். அன்று அறையில் எது இருந்தது, எது வெளியே போனது என்பது கடைசிப் பத்தியில்.

முதல் தடயம் தட்டோன் என்ற ஊரில் கிடைத்தது. தங்கை வீட்டில் ஒரு வாரம் தங்கினார். பழைய மரவீடு, பலகைத் தரை, பாய். மூன்றாம் நாளே கண் எரிச்சல் நின்றுவிட்டது. ரங்கூனுக்குத் திரும்பிய மறுநாள் மறுபடியும் வந்தது. அப்புறம் வீட்டிலேயே சோதனை. அந்துருண்டையையும் கொசுவர்த்தியையும் விலக்கியதும் மூச்சு கொஞ்சம் இலகுவானது. ஃபோம் மெத்தையை முன்னறைக்குத் தள்ளியதும் தலைக்கனம் பாதியாகக் குறைந்தது. கண் எரிச்சல் மட்டும் அப்படியே இருந்தது. கட்டிலைக் கழற்றி வெளியேற்றிய பிறகுதான் அதுவும் அடங்கியது.

கழற்றும்போது நான் பார்த்ததைச் சொல்கிறேன். மேலே பளபளவென்று தேக்கு வரி அச்சிட்ட தாள். திருப்பினால் அடிப்பக்கம் வெறும் பழுப்பு மரத்தூள் பலகை, எந்தப் பூச்சும் இல்லை. சுவரோரம் இருந்த விளிம்பு, டீயில் நனைத்த ரஸ்க் போல் ஊதி உதிர்ந்திருந்தது. திருகு ஏறிய துளைகள் ஒவ்வொன்றிலும் தூள். மூடியே கிடந்த பெட்டியைத் திறந்து குனிந்தபோது எனக்கே கண்ணில் நீர் கட்டியது. அந்தப் பெட்டிக்கு மேலேதான் ஒரு மனுஷி தினமும் எட்டு மணி நேரம் முகம் வைத்துப் படுத்திருக்கிறார்.

மரத்தூளையோ மென்னாரையோ யூரியா ஃபார்மால்டிஹைடு பசையில் குழைத்து அழுத்தினால் பார்டிகிள் போர்டு, எம்.டி.எஃப். பலகைகள் கிடைக்கும். மலிவான பசை, சீக்கிரம் இறுகும். ஆனால் ஈரமும் சூடும் பட்டால் மெல்ல மெல்லப் பிரிந்து ஃபார்மால்டிஹைடைத் திரும்ப விடும். வெளிப்புற பிளைவுட்டில் வரும் கறுத்த ஃபீனால் பசை அவ்வளவு பிரியாது. இதில் வாங்குகிறவர்கள் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. பலகை விடும் ஃபார்மால்டிஹைடு குறைவு என்று சொல்லும் இ-1 போன்ற தரச்சீட்டுகள் பொய் இல்லை. ஆனால் அந்த அளவுகளை எடுக்கிற சோதனை அறையில் வெப்பம் 23 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கிட்டே. ரங்கூனில் ஏப்ரலில் 37 டிகிரி அடிக்கும். ஜூலை, ஆகஸ்டில் காற்றின் ஈரம் 85 சதவீதத்துக்கு மேல் நிற்கும். பத்து டிகிரி கூடினாலே இந்தப் பலகைகள் விடும் ஃபார்மால்டிஹைடு இரு மடங்கைத் தாண்டிவிடும். ஈரம் அதற்கு மேல். குளிர்ந்த நாட்டு அறையில் தேறிய பலகை நம் ஜன்னலில்லாத அறையில் தேறும் என்பதற்கு ஒரு உத்தரவாதமும் இல்லை.

மெத்தையின் கதை வேறு. ஜிப்பைத் திறந்தோம்: மேலே இரண்டு அங்குலம் வெள்ளை ஃபோம், அதற்குக் கீழே பச்சை, சிவப்பு, சாம்பல் என்று பலநிறத் துண்டுகளை அரைத்து ஒட்டிய கெட்டி ஃபோம், நடுவே மஞ்சள் பசை. பாலியூரித்தேன் ஃபோம் நன்றாக வெந்து இறுகிவிட்டால், அதைச் செய்யப் பயன்பட்ட ஐசோசயனேட் பெரும்பாலும் மிச்சமிருக்காது. புது ஃபோம் வாடை அமீன் போன்ற துணைப்பொருள்களாலும் அடுக்குகளை ஒட்டிய பசையாலும் வருவது. சில மாதம் காற்றாடவிட்டால் இது குறையும். வாடையே இல்லாத சங்கதிதான் எனக்குக் கவலை. அரைத்து ஒட்டிய துண்டுகள் எந்த சோஃபாவிலிருந்து வந்தவை என்று யாருக்கும் தெரியாது. கலிஃபோர்னியாவில் 1975இல் வந்த தீத்தடுப்பு விதியால் சோஃபா ஃபோமில் ஏராளமாகச் சேர்க்கப்பட்ட பென்டா பி.டி.இ. என்ற தீத்தடுப்பு இரசாயனத்தின் தயாரிப்பு அமெரிக்காவில் 2004இல் நின்றது. பழைய ஃபோமில் அது இன்னும் இருக்கிறது. தூசியோடு கலந்து உள்ளே போகும், மூக்குக்குத் தெரியாது. அதனால் துண்டு ஃபோமை யாருக்குமே நான் சிபாரிசு செய்ய மாட்டேன். விலை குறைந்த மெமரி ஃபோம் மெத்தை வைத்திருக்கிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: தீத்தடுப்புக்காகச் சிலவற்றில் கண்ணாடி இழை உறை போட்டிருப்பார்கள். அதன் மேலுறையைக் கழற்றித் துவைக்கக் கூடாது. இழை வீடெங்கும் பரவிவிடும்.

எந்த மரம், எந்தப் பூச்சு

பர்மாவில் தேக்கு இருக்கும்போது யோசனை என்ன என்று கேட்பார்கள். யோசனை நிறைய இருக்கிறது. தேக்கில் இயற்கையாகவே எண்ணெயும் குயினோன் வகைப் பொருள்களும் உண்டு. கறையான் அண்டாததற்குக் காரணமே அதுதான். இழைக்கும்போது அந்தத் தூள் பட்டுத் தச்சர்களுக்குத் தோல் தடிப்பதை எங்கள் பட்டறையிலேயே பார்க்கலாம். இரசாயனம் தாங்காதவர்கள் சிலருக்குப் புதுத் தேக்கின் தோல்வாடையே ஒத்துக்கொள்ளாது.

பழைய வீடு இடித்த தேக்கு நல்லது. முன்னெல்லாம் தேக்கை வெட்டுவதற்கு முன்பே அடியில் பட்டையை வளையமாக நீக்கி, நின்ற நிலையிலேயே வருஷக்கணக்கில் காயவிடுவார்கள். அப்படிக் காய்ந்து, அப்புறம் ஐம்பது, அறுபது வருஷம் கூரைக்குக் கீழே இருந்த மரத்தில் வாடையென்று பெரிதாக ஒன்றும் மிஞ்சியிருக்காது. ஆனால் இடித்த மரத்தில் இரண்டு பொறி உண்டு. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும். அதை இழைத்தால் ஈயத்தூள்தான் பறக்கும். இரண்டாவது, நம் ஊருக்கே உரியது: மரவீடுகளின் வெளிச்சுவரிலும் தூணிலும் கறையான் வராமல் இருக்கப் பூசுகிற கறுப்புக் கச்சா எண்ணெய். வருஷா வருஷம் பூசிப் பூசி உள்ளே ஊறியிருக்கும். கால் அங்குலம் இழைத்தாலும் வெயிலில் வைத்தால் பெட்ரோலிய வாடை மேலே வந்துவிடும். ஆகவே வெளிப்பலகையைத் தொடவில்லை. வீட்டின் உட்புறத்தில், மாடித்தளத்தைத் தாங்கிய பெயின்ட் படாத சட்டங்களாகப் பார்த்து எடுத்தோம்.

எடுத்ததும் பாட்டில் சோதனை. தீப்பெட்டி அளவு துண்டை, நன்றாகக் கழுவிக் காயவைத்த கண்ணாடி பாட்டிலில் போட்டு மூடி, வெயில் படும் ஜன்னலில் ஒரு நாள் வைக்க வேண்டும். இன்னொரு பாட்டிலில் அதே துண்டோடு அடியில் ஒரு ஸ்பூன் தண்ணீரும், மரம் தண்ணீரில் படாதபடி நூலில் கட்டித் தொங்கவிட்டு. மறுநாள் வீட்டில் மூச்சுத் தொந்தரவு இல்லாத ஒருவர் முதலில் திறந்து முகர வேண்டும். அவருக்கே உறைத்தால் அந்தத் துண்டு நோயாளியிடம் போகவே கூடாது. இது என் கண்டுபிடிப்பு அல்ல. பலகையின் ஃபார்மால்டிஹைடை அளக்க ஐரோப்பிய ஆய்வகங்களில் இருக்கும் ஒரு முறையே, மூடிய பாட்டிலில் தண்ணீருக்கு மேலே துண்டைத் தொங்கவிட்டு 40 டிகிரியில் 3 மணி நேரம் வைப்பதுதான். அவர்கள் கருவியால் அளக்கிறார்கள், நாம் மூக்கால். ஈர பாட்டிலில் நாறி, உலர்ந்த பாட்டிலில் நாறாத சாமான்கள் உண்டு. மழைக்காலத்தில் மாட்டுவது அவைதான். பாட்டிலில் தேறிய துண்டை அக்கா தலையணைக்குப் பக்கத்தில் சில இரவு வைத்துப் படுத்து, நோட்டில் மதிப்பெண் போட்ட பிறகே மரத்துக்கு முன்பணம் கொடுத்தோம்.

பூச்சு விஷயத்தில்தான் நல்ல மரக்கட்டில்கள் கெடுகின்றன. கடைக்கட்டிலின் கண்ணாடிப் பளபளப்பு பெரும்பாலும் தின்னரில் கரைத்த லாக்கர். அமிலம் கலந்து இறுகும் மெலமைன் வகை பூசினால் மாதக்கணக்கில் ஃபார்மால்டிஹைடு விடும். அதாவது திட மரத்தின் மேல் மறுபடியும் அதே நஞ்சைப் பூசுவது. இயற்கைப் பூச்சு என்றால் பத்திரம் என்று நினைப்பதும் சரியில்லை. ஆளிவிதை எண்ணெய் காய்கிறபோது பல வாரம் ஆல்டிஹைடு வாடை விடும். பகானில் கலம் செய்யப் பயன்படும் திட்ஸி என்ற கறுப்பு மரப்பால் முற்றிலும் இயற்கை. தோலைப் புண்ணாக்கும் பொருளும் அதில் இருக்கிறது. நாங்கள் பூசியது அரக்கு மட்டும். ஷான் மலைப்பக்கம் கிடைக்கும் அரக்குச் செதில்களை ஸ்பிரிட்டில் கரைத்து, மெல்லிய பூச்சாக, பட்டறையிலேயே பூசிக் காயவைத்தோம். ஸ்பிரிட் சீக்கிரம் ஆவியாகிவிடும், மிஞ்சுவது அரக்கு. தண்ணீர்க்கறை பிடிக்கும், சூடான டம்ளர் வைத்தால் வெளுக்கும். கட்டிலுக்கு அது போதும்.

கட்டில் அமைப்பு எளிது. துளையும் கழுந்தும் போட்டு மர ஆணி அடித்தது, பசை கிடையாது. குறுக்கே ரீப்பர்கள், அதாவது மெல்லிய மரச்சட்டங்கள், இரண்டு அங்குல இடைவெளி. தரையிலிருந்து பதினெட்டு அங்குலம் உயரம், அடியில் பெட்டி இல்லை. பெட்டி இல்லாமல் சாமான் எங்கே வைப்பது என்று அக்காவின் கணவர் கேட்டது நியாயமான கேள்வி, ரங்கூன் வீட்டில் இடம் பொன். ஆனாலும் கட்டிலுக்கு அடியில் காற்று ஓட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடச் சொன்னதும் அதற்குத்தான். மழையில் இந்தப் பழைய கட்டடங்களின் வெளிச்சுவர் வியர்க்கும்.

மெத்தை: கையில் தூக்க முடிய வேண்டும்

ஸ்பிரிங் மெத்தையில் மேலும் கீழும் ஃபோம்தான். ரப்பர் தெளித்த தென்னைநார் மெத்தை பாட்டில் சோதனையிலேயே தோற்றது. இரண்டையும் அதோடு விட்டோம்.

இயற்கை ரப்பர் லேடெக்ஸ் மெத்தைமேல் எனக்கு ஆசை இருந்தது. மோன் மாநிலத்தில் முடோன், தான்பியூசயாட் பக்கமெல்லாம் ரப்பர் தோட்டம், அங்கே நம் ஆட்களும் நிறைய. ஆனால் கடையில் கிடைப்பது பெரும்பாலும் தாய்லாந்திலிருந்து வருவது. நல்ல லேடெக்ஸ் பல வருஷம் உழைக்கும், பூச்சி அதிகம் அண்டாது. வாங்குகிறவர்கள் ‘நேச்சுரல்’ என்ற சொல்லை நம்பாமல், செயற்கை ரப்பர் எவ்வளவு கலந்திருக்கிறது என்று கேட்க வேண்டும். கோல்ஸ் (GOLS) முத்திரை லேடெக்ஸுக்கு, காட்ஸ் (GOTS) முத்திரை பஞ்சு, கம்பளி போன்ற இழைகளுக்கு. இரண்டிலும் இயற்கை வேளாண்மைப் பொருள் 95 சதவீதம் இருக்க வேண்டும், காட்ஸில் 70 சதவீதம் உள்ள இரண்டாம் வகையும் உண்டு. ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 என்பது நச்சுப்பொருள் சோதனை, இயற்கை வேளாண்மைக்கான சான்று அல்ல. செர்ட்டிபூர் முத்திரை ஃபோமுக்கு மட்டும். எதுவாயினும் சான்று எண்ணைக் கேட்டு, கொடுத்த நிறுவனத்தின் பட்டியலில் சரிபார்க்காமல் பணம் கட்டக் கூடாது. கடைசியில் லேடெக்ஸ் துண்டை அக்காவின் தலைமாட்டில் வைத்தோம். ரப்பர் வாடையில் தலைவலி வந்தது. ஆறு அங்குல லேடெக்ஸ் மெத்தையின் எடையை ஒரு ஆள் தூக்கவும் முடியாது. விட்டோம்.

மீதி இலவம்பஞ்சும் பருத்தியும். இலவம்பஞ்சு இழையில் மெழுகு இருக்கிறது, உள்ளே வெற்றுக்குழாய், தண்ணீரை ஏற்காது. மழைநாட்டுக்கு அதைவிடப் பொருத்தம் இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் அந்த இழை நொறுங்கும். சில வருஷத்தில் பஞ்சு பாதி தூளாகி, ஒவ்வொரு முறை தட்டும்போதும் கிளம்பும். தூசிப்பூச்சிக்கும் நல்ல இடம். ஆஸ்துமா இல்லாதவர்களுக்கு அதைத் தாராளமாகச் சொல்வேன், அக்காவுக்குச் சொல்ல முடியவில்லை. பருத்தி நேர்மாறு: ஈரத்தை வாங்கிவைத்துக்கொள்ளும், ஆனால் தூளாகாது. ஈரம் என்பது நம் கையால் தீர்க்கக்கூடிய பிரச்சினை என்பதால் பருத்தியைப் பிடித்தோம்.

மெத்தை தைக்கிற இடத்தில் ஆள் பக்கத்திலேயே இருந்து தைக்கவைப்பது முக்கியம். பஞ்சு மெத்தை என்று மில் கழிவையும் தையல் கடை வெட்டுத்துணியையும் அரைத்துப் போடுவது சாதாரணமாக நடக்கிறது. அதில் சாயம், எந்திர எண்ணெய் எல்லாம் வரும். மெய்க்திலா பக்கத்துப் பருத்தி, விதைத்தூசு தெரிகிற வெள்ளைப் பஞ்சாக, மூட்டையைப் பிரித்துக் காட்டச் சொல்லி வாங்கினோம். உறைக்குக் காடாத் துணி. அதையும் முதலில் வெந்நீரில் பலமுறை அலசிக் கஞ்சியை எடுத்தோம். படுக்கைவிரிப்பிலும் இதே கவனம் வேண்டும்: கசங்காது, இஸ்திரி வேண்டாம் என்று விற்கிற விரிப்புகளில் பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு வகைப் பிசின் ஏற்றியிருக்கும்.

ஒரே மெத்தையாக இல்லாமல் மூன்று அங்குலத்தில் இரண்டாகத் தைத்தது அக்காவின் யோசனை. ஒவ்வொன்றும் ஐந்து வீசைக்குள், அதாவது சுமார் எட்டுக் கிலோவுக்குள். மடக்கித் தோளில் போட்டு அவரே முன்னறைக்குக் கொண்டுபோய்விடுகிறார். இந்த விஷயத்தில் எடுத்த முடிவுகளிலேயே மிகச் சரியானது இதுதான் என்று நினைக்கிறேன்.

முதல் மழைக்காலம்

ரங்கூனில் வருஷத்துக்குச் சுமார் 2,700 மில்லி மீட்டர் மழை. மே நடுவிலிருந்து அக்டோபர் வரைக்குள் கிட்டத்தட்ட எல்லாம் கொட்டித் தீரும். வெயிலை நம்ப முடியாது, மின்சாரத்தையும் நம்ப முடியாது, ஈரம் உறிஞ்சும் எந்திரம் வாங்கிப் பிரயோஜனம் இல்லை. வழக்கம் இப்படி அமைந்தது: காலையில் எழுந்ததும் விரிப்பை எடுத்துவிட்டு மேல் மெத்தையை முன்னறைக் கொடியில் போடுவது, கீழ் மெத்தையைக் கட்டிலிலேயே பக்கவாட்டில் நிறுத்துவது, கரண்ட் இருக்கும்போது ரீப்பர்களுக்கு அடியிலிருந்து ஃபேனைத் திருப்புவது, இரவில் இரண்டின் இடத்தையும் மாற்றிப்போடுவது. மழைவிட்ட நாளில் பால்கனி. ஆனால் தெருவில் ஜெனரேட்டர்கள் ஓடும் நேரத்தில் பால்கனிக்குக் கொண்டுபோகக் கூடாது; டீசல் புகையைப் பஞ்சு அப்படியே இழுத்துக்கொள்ளும். விரிப்பும் தலையணை உறையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில். தூசிப்பூச்சி அந்தச் சூட்டில் சாகும்.

ஆகஸ்டில் கீழ் மெத்தையின் ஒரு மூலையில் சாம்பல் புள்ளிகள் தெரிந்தன. கட்டில் நகர்ந்து சுவரை ஒட்டியிருந்ததுதான் காரணம். உறையைக் கழற்றிக் கொதிக்கவைத்து, அந்த மூலைப் பஞ்சைப் பிடுங்கிப் புதிதாக அடைத்துத் தைத்தார்கள். தைத்த மெத்தையில் இது முடியும்.

கொசு விஷயத்தில் ஒரு வார்த்தை. ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடிவதற்குள் விடுகிற நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம் என்று 2003இல் வந்த ஒரு ஆய்வு கணக்கிட்டது. ஃபார்மால்டிஹைடு 51 சிகரெட் அளவு வரை. கட்டிலை மாற்றிவிட்டு இதைக் கொளுத்திக்கொண்டிருந்தால் செய்ததெல்லாம் வீண். அக்கா வீட்டில் இப்போது மருந்து ஏற்றாத வெறும் பருத்திக் கொசுவலை. ஆனால் மலேரியா இருக்கும் காட்டுப்பகுதியில், எல்லையோரத்தில் இருக்கிறவர்கள் இதைப் பார்த்து மருந்து வலையைக் கழற்றிவிடாதீர்கள், அது உயிர்காக்கும் பொருள். புது மருந்து வலையை முதலில் ஒரு நாள் முழுக்க நிழலில் காற்றாடவிட்டுக் கட்டுங்கள்.

அந்துருண்டைக்குப் பதில் இப்போது புடவைகளை வெயில் மாதங்களில் உலர்த்தி, வெள்ளைத்துணியில் சுற்றித் தகரப்பெட்டியில் வைக்கிறார். கைக்குழந்தை இருக்கும் வீடுகளில் அந்துருண்டை கூடவே கூடாது. ஜி6பிடி என்ற என்சைம் குறைவு நம் பக்கத்தில் பரவலாக இருக்கிறது, அப்படிப் பிறந்த குழந்தைக்கு அந்துருண்டையில் உள்ள நாஃப்தலீன் பட்ட துணியாலேயே இரத்த அணுக்கள் உடையலாம்.

நிலவரம்

கண் எரிச்சலும் தொண்டை வறட்சியும் போய்விட்டன. காலைத் தலைக்கனம் நோட்டில் எப்போதாவதுதான் பதிவாகிறது. மருத்துவர் இன்ஹேலர் அளவைக் குறைத்தார், நிறுத்தவில்லை. சென்ட் வாடை, புதுப் பெயின்ட் இரண்டும் இன்னும் தலைவலி தருகின்றன. முன்னைவிடச் சீக்கிரம் தெளிகிறது, அவ்வளவுதான். கட்டில் ஆஸ்துமாவைக் குணமாக்கியது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கட்டில், மெத்தை, அந்துருண்டை, கொசுவர்த்தி எல்லாம் ஒரே பருவத்தில் வெளியேறியதால், எது எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்லவும் வழியில்லை. பேட்டரியை முன்னறைக்கு மாற்றினார்கள். பிளைவுட் தட்டி வீட்டுக்காரருடையது, கழற்ற முடியவில்லை; இரண்டு பக்கமும் அரக்குப் பூசி மூடினோம், மேலே ஒரு அடி வெட்டிக் காற்றுக்கு வழிவிட்டோம்.

புதுக் கட்டில் செய்யக் கையில் பணம் இல்லாதவர்கள் என்ன செய்வது என்று அக்காவே எழுதச் சொன்னார். ஐராவதி ஆற்றின் கழிமுகப் பக்கம் பின்னும் தின்ப்யூ பாயை வெறும் மரப்பலகைமேல் விரித்துப் படுப்பதைவிட நச்சுக் குறைந்த படுக்கை எனக்குத் தெரியாது. முதுகு தாங்கினால் அதுவே போதும். பெட்டிக்கட்டிலை வைத்துக்கொண்டே சமாளிக்க வேண்டுமானால், பெட்டியின் மூடியையும் அடிப்பலகையையும் எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் பலகையைக் கொளுத்தும் ஏப்ரலில் அறைக்கு வெளியே காயவைத்து, தாள் ஒட்டாத அடிப்பக்கம், விளிம்பு, திருகுத்துளை எல்லாவற்றிலும் மழை தொடங்குமுன் அரக்கை இரண்டு முறை பூசுங்கள். பூச்சை நோயாளி பூசக் கூடாது. ஸ்பிரிட் வாடை முழுக்கப் போகும்வரை அவர் அந்த அறையில் படுக்கவும் கூடாது.